தலை வெட்டிய வரிகள்

அத்தியாயம் ஒன்பது

"கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டு அப்புறமா விசாரிக்கப் போறது, தாலி கட்டிட்டு பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கு மேடம்."

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கையை வழக்கம்போல முந்திக்கொண்டு பிடித்துவிட்ட வேணு சொன்னான். ஞானமதி கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அவன் சொன்னது சரி என்பதால் கோபப்படவும் முடியவில்லை.

பத்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்வையிட்டு ரிப்போர்ட் எழுதியவள் அவள். பிறகு விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிர்ச்சந்தில் சொந்தமாக ஒரு விசாரணை அலுவலகம் திறந்தாள். வேணு அதற்கு முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். ஊரில் யார் எந்த வீட்டு வாசலில் இறங்குவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அந்தத் தகுதிக்காகவே அவனைச் சேர்த்துக்கொண்டாள். அவன் வாயையும் சேர்த்துத்தான் சம்பளம் என்பது போகப்போகத் தெரிந்தது.

ஞானமதிக்கு ஒரு விதி உண்டு. எதிர்த்தரப்பு ஆளை நேரில் பார்க்காமல் எந்த ரிப்போர்ட்டிலும் அவள் கையெழுத்து விழாது. இன்று காலை விழுந்துவிட்டது. கேட்டது செந்தாமரை.

கல்லூரி விடுதியில் ஒரே அறை. ஒரே தட்டில் சாப்பிட்ட நாட்கள் உண்டு. செந்தாமரை கம்ப்யூட்டர் பக்கம் போனாள், ஞானமதி இன்சூரன்ஸ் பக்கம் வந்தாள். ஆனாலும் வாரம் ஒரு போன் தவறியதில்லை. அப்படிப்பட்டவள் நேற்று சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

விஷயம் இதுதான். மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக விருத்தாசலம் என்பவருக்கு ஒரு இறால் ஹேச்சரி. தொட்டி தொட்டியாக இறால் குஞ்சுகள். அவற்றுக்கு ராப்பகலாகக் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த 2012-ஆம் வருஷத்து மின்வெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கரண்ட் போனது, ஜெனரேட்டர் கிளம்பவில்லை, காற்று மோட்டார் நின்றது. மோட்டார் நின்றால் முதலாளியின் செல்போனை அலறவைக்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அது அலறவில்லை. விடிந்து பார்த்தபோது ஒரு கொட்டகை முழுக்கக் குஞ்சுகள் வெள்ளையாக மிதந்தன.

பெட்டியையும், அதற்குள் அடியில் ஓடும் கெர்னல் என்ற மூல மென்பொருளையும் செய்து கொடுத்தவன் திண்டிவனத்து ஜிதேந்திரன். கெர்னல் எழுதித் தள்ளும் வரிகளைப் படித்துப் பார்த்து அலற வேண்டிய புரோகிராமை எழுதியவள் செந்தாமரை. "அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வரியோட வடிவத்தையே மாத்திட்டான் ஞானம். என் புரோகிராம் குருடாயிடுச்சி. இப்ப பழி என்மேல" என்றாள். ஆதாரமாக ஒரு தாளை நீட்டினாள். ஞானமதி தாளைப் பார்த்தாள், தோழியின் முகத்தைப் பார்த்தாள், ராத்திரி உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதி, காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

விருத்தாசலத்தின் புகாரோடு அந்த ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு, இன்று நாலு மணிக்கு எஸ்.ஐ. வேங்கடேசன் ஜிதேந்திரனைக் கூட்டிப்போக வருகிறார்.

"அந்த ஆளு முகத்தைக்கூட நான் பாக்கலை வேணு" என்றாள் ஞானமதி, மயிலம் தாண்டும்போது.

"அதுக்கு இன்னா மேடம். ஸ்டேஷன்ல போட்டோ எடுப்பாங்க, ஒரு காப்பி வாங்கிக்கலாம்."

*

ஜிதேந்திரனின் பட்டறை மரக்காணம் ரோட்டில் ஒரு மல்லாட்டை மண்டியின் மாடியில் இருந்தது. படியெல்லாம் வேர்க்கடலைத் தொலி. மேலே கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் மட்டும் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதன் ஒருவன், சர்க்யூட் போர்டுகளை ஒதுக்கிவிட்டு, மேஜையின் மூலையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மணி மூன்றாகப் போகிறது.

"வாங்க. போலீஸா?"

"இல்ல. போலீஸுக்கு எழுதிக் குடுத்தவ. ஞானமதி."

அவன் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி பிசைந்தான்.

"ஒக்காருங்க. ரெண்டு வாய்தான் பாக்கி. நாங்க செஞ்சிப் பக்கம், ஜெயினுங்க. பொழுது சாஞ்சா சாப்பிடமாட்டோம். ஸ்டேஷன்ல எப்ப வுடுவாங்களோ, அதான் இப்பவே முடிச்சிக்கிறேன்."

"நல்லா சாப்பிடுங்க சார். அங்க பொழுது சாயறதே தெரியாது. ஜன்னல் கிடையாது" என்றான் வேணு.

"அனுபவமா?"

"ஷேர் ஆட்டோல பதிமூணு பேரு. பதினாலாவதா ஏற வந்தது ஒரு ஏட்டு."

ஜிதேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞானமதிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. தப்பு செய்தவன் என்று தான் எழுதிக் கொடுத்த ஆள் இப்படிச் சிரிக்கக் கூடாது.

"வடிவத்தை மாத்தினீங்களா, இல்லியா? அது மட்டும் சொல்லுங்க."

"மாத்தினேன். ஆனா உடைக்கலை." கையைக் கழுவிக்கொண்டு வந்தான். "கெர்னல்னா கம்ப்யூட்டருக்கு அடிவயிறு மாதிரிங்க. மேல ஓடற எந்த புரோகிராமும் அதைக் கேக்காம ஒரு கம்பியைத் தொட முடியாது. பெட்டி நிமிஷத்துக்கு ஒருவாட்டி மோட்டாரைக் கேக்கும், ஓடறியா? மோட்டார் உடனே பதில் சொல்லும். நின்னுபோச்சின்னா பதில் வராது, கொஞ்ச நேரம் காத்திருந்து கெர்னலே கைவிட்டுடும். கேட்டதுக்கு ஒரு வரி, பதில் வந்ததுக்கோ கைவிட்டதுக்கோ ஒரு வரி, எல்லாத்தையும் அது எழுதிக்கினே போகும். அதுக்குப் பேருதான் டிரேஸ். செந்தாமரை மேடத்தோட புரோகிராம் ரெண்டு வரிலயும் இருக்கற நேரத்தை எடுத்துக் கழிச்சிப் பாக்கும். இடைவெளி பெருசா இருந்தா போன் அடிக்கும்."

"நேரத்தை எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"எண்ணித்தான். இடதுபக்கத்துல இருந்து மூணாவது சொல்லு."

"அடப்பாவமே, கம்ப்யூட்டருலயும் விரல் வுட்டுத்தான் எண்றாங்களா" என்றான் வேணு.

"எல்லாரும் அப்படித்தான் அண்ணே. எண்ணாதீங்க, மேல தலைப்பு வரி இருக்கு, அதைப் படிச்சி நேரம் எங்க இருக்குன்னு பாருங்கன்னு சொல்லிக்கினேதான் இருக்கேன். யாரு கேக்கறாங்க? நான் மூணாவது இடத்துல புதுசா நாலு குறி சேர்த்தேன். எழுத்தும் புள்ளியுமா இருக்கும். நேரம் நாலாவது இடத்துக்குப் போயிடும்."

வேணு தொடையில் தட்டிக்கொண்டான். "எங்க ஸ்டாண்டுல டைம்கீப்பரு கத்துவாரு மேடம். ஊரு, வண்டி நம்பரு, நேரம். ஒருநாளு புதுப் பழக்கமா நடுவுல டிரைவர் பேரையும் சேத்துக் கத்திட்டாரு. மூணாவது சொல்லையே கேட்டுப் பழகின ஒரு கிழவரு, இருசப்பன் மணிக்குத்தான் வண்டின்னு சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்துக்கினு இருந்தாரு."

"அதேதான்" என்றான் ஜிதேந்திரன். "அவங்க புரோகிராம் புள்ளியைப் பாத்து முழிச்சிட்டு பூஜ்யம்னு எடுத்துக்கும். பூஜ்யத்துல பூஜ்யம் போனா பூஜ்யம். மோட்டார் கேட்ட உடனே பதில் சொல்லிடிச்சின்னு அர்த்தம். செத்த மோட்டாரைக்கூட ஜோரா ஓடுதுன்னு நெனைச்சிக்கும்."

"இது தெரிஞ்சேதான மாத்தினீங்க?" ஞானமதியின் குரல் உயர்ந்தது.

"தெரிஞ்சதாலதாங்க சுவிட்சு வெச்சேன்." அவன் நிதானம் குலையவில்லை. "என் வரிங்களை யாரு யாரு எப்படி எண்ணிக்கினு இருக்காங்கன்னு எனக்கே தெரியாது. ஒரு கோழிப் பண்ணை, ஒரு ஐஸ் ஃபேக்டரி, பாலு குளிர வைக்கிற எடம். நான் இங்க ஒரு புள்ளி சேர்த்தா எங்கியோ ஒருத்தர் பொழப்புல மண்ணு விழும். அதனால பெட்டியைப் போட்டா பழைய வடிவம்தான் வரும். புதுசு வேணும்னா ஒருத்தர் உள்ள பூந்து சுவிட்சைப் போடணும். நான் மாத்தினது யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது, அதுதாங்க என் வேலையே."

"யாருக்கும் தெரியாத ஒண்ணை எதுக்குச் சேர்க்கணும்?"

"கேட்டாங்க, சேர்த்தேன்."

"யாரு கேட்டாங்க?"

"செந்தாமரை மேடம்தான். புதுசா ஒரு புரோகிராம் எழுதறேன், அதுக்கு அந்தக் குறி வேணும்னாங்க. பழைய புரோகிராமைத் திருத்தற வரைக்கும் சுவிட்சைத் தொடாதீங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

ஞானமதி வேணுவைப் பார்த்தாள். இதைச் செந்தாமரை நேற்று சொல்லவேயில்லை. அழுகையில் மறந்திருப்பாள் என்று மனசு உடனே ஒரு சமாதானம் தயாரித்துக் கொடுத்தது.

கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். ஞாயிறு ராத்திரி அந்தப் பெட்டி எழுதிய வரிகள். நடுவில் ஒரு வரியைச் செந்தாமரை சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தாள். வடிவம் மாற்றப்பட்டது என்று அது அறிவித்தது. அதற்கு மேலே இருந்த வரிகளில் குறிகள் இல்லை. அதற்குக் கீழே எல்லா வரிகளிலும் இருந்தன.

"சுவிட்சு விழுந்ததைக் கெர்னலே எழுதியிருக்கு. கெர்னலைத் தொடற ஆளு நீங்க ஒருத்தருதான்."

"பெட்டியோட பாஸ்வேர்டு ரெண்டு பேருக்குத் தெரியுங்க. எனக்கு, அவங்களுக்கு. நான் போடலைன்னு சொன்னா நீங்க நம்பணும்னு இல்ல." தோளைக் குலுக்கினான். "நாலு மணிக்கு நான் ஜீப்புல ஏறினா, நாளைக்கு ஒரு கடைலகூட என் பெட்டி இருக்காது. சொல்லாம வடிவத்தை மாத்தறவன்னு ஒருவாட்டி பேரு வந்துட்டா அப்புறம் எவன் நம்பி வெப்பான்?"

ஞானமதி எழுந்து ஜன்னலருகே போனாள், திரும்பி வந்தாள்.

"இங்க ஒரு பெட்டி ஓடுதா? அதோட டிரேஸைக் காட்டுங்க."

மேஜைமேல் இருந்த பெட்டியொன்றில் கம்பியைச் செருகினான். திரையில் வரிகள் சரசரவென்று ஏறின. அவன் ஒரு விசையைத் தட்டி நிறுத்தினான். ஞானமதி தன் தாளைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். ஏதோ இடித்தது.

வேணு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"மேடம், தலை எங்க?"

"எந்தத் தலை?"

"நம்ம தாளுல ஒரு வரிக்கும் தலை இல்ல. இங்க பாருங்க, ஒவ்வொரு வரியும் ஏதோ பேருல ஆரம்பிக்குது, அப்புறம்தான் அடைப்புக்குள்ள நம்பரு. நம்முளுது நம்பருலயே ஆரம்பிக்குது. தலையை வெட்டிட்டு மீனு வித்தா எங்க அம்மா வாங்கமாட்டாங்க. இன்னா மீனுன்னே தெரியாதாம்."

"ஜிதேந்திரன், அந்த முதல் சொல்லு என்னது?"

"பேருங்க. அந்த நேரத்துல கெர்னலை வேலை வாங்கினது எந்த புரோகிராமோ, அதோட பேரு." சொல்லிக்கொண்டே தாளை வாங்கினான். முதல் முறையாக அவன் குரலில் அவசரம் வந்தது. "இதுல தலைப்பு வரியும் இல்லியே! சுவிட்சைப் போட்ட புரோகிராம் பேரு அந்தச் செவப்பு வட்டத்துக்குள்ள மொத சொல்லா இருந்திருக்கணும்."

"பேப்பர்ல எடம் பத்தலைன்னு செந்தாமரை சொன்னாளே" என்றாள் ஞானமதி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

வேணு விரலை வைத்து அளந்தான். "வலதுபக்கம் நாலு விரக்கடை வெள்ளையாக் கிடக்குது மேடம். ஒரு குடும்பமே குடியேறலாம்."

*

ஹேச்சரிப் பெட்டி எழுதிய வரிகள் இருந்த பதிவு அட்டையைச் செந்தாமரை திங்கட்கிழமை காலையிலேயே கழற்றிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் தாளை அன்று மத்தியானம் திண்டிவனத்தில் பிரிண்ட் எடுத்தேன் என்று அவளே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

"திங்கக்கெழமை மத்தியானம் ஊரே இருட்டு" என்றான் ஜிதேந்திரன். "அந்த நேரத்துல பிரிண்ட் அடிக்கணும்னா பஸ் ஸ்டாண்டு பின்னாடி இருதயமேரி அக்கா கடைதான். அவங்ககிட்டதான் ஜெனரேட்டர் இருக்கு."

"நாங்க வர்ற வரைக்கும் ஓடிடாதீங்க சார்" என்றான் வேணு.

"இத்தனை பெட்டியை வுட்டுட்டு எங்கண்ணே ஓடறது?"

இருதயமேரியின் பிரௌசிங் சென்டரில் ஜெனரேட்டர் புகையும், ஹால் டிக்கெட் எடுக்க வந்த மாணவிகளின் கூச்சலும் ஒன்றாக நிறைந்திருந்தன. ஐம்பது வயதுக்காரி. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

"ஆமா, என் கடையில அடிச்சதுதான். நீலப் புடவை கட்டிக்கினு ஒரு மேடம் வந்தாங்க. மொதல்ல முழுசா அடிச்சேன். பாத்தாங்க, கிழிச்சிப் பையில போட்டுக்கினாங்க. அப்புறம் இடதுபக்கத்தை எடுத்துட்டு அடிங்கன்னாங்க. கல்யாணப் பத்திரிகைல மாப்ள பேரை எடுத்துட்டு அடிக்கச் சொன்ன மாதிரி இருந்திச்சி எனக்கு."

"அவங்க பென்டிரைவ் கொண்டாந்தாங்க இல்ல? நேரா அதுல இருந்தே அடிச்சீங்களா?"

"அய்யய்ய! நான் எப்பவும் மிஷின்ல எறக்கிக்கினுதான் அடிக்கிறது. ஜெனரேட்டர் திடீர்னு மூச்சை வுட்டுச்சின்னா பென்டிரைவ் கெட்டுப் பூட்டுதுன்னு என் சட்டையைப் புடிப்பாங்க. ஊரு பூரா பிரிண்டுக்காரங்க இப்ப அப்படித்தான்."

"எறக்கினதை அழிச்சிடுவீங்களா?"

"சனிக்கெழமை சனிக்கெழமை பெருக்குவேன்."

அன்று செவ்வாய்.

"ஆனா ஒருத்தர் சமாச்சாரத்தை இன்னொருத்தருக்குக் காட்டமாட்டேன்" என்றாள் இருதயமேரி. "அப்புறம் எவரு என்னை நம்பி ஜாதகம் கொண்டாந்து அடிப்பாங்க?"

"நியாயம்தான்க்கா" என்றாள் ஞானமதி. "ஆனா இந்தத் தாளை வச்சி இன்னிக்கு நாலு மணிக்கு ஒருத்தரைக் கூட்டிக்கினு போறாங்க. மல்லாட்டை மண்டி மேல பெட்டி செய்வாரே, அவரை."

"நம்ம செஞ்சித் தம்பியையா?" இருதயமேரி கண்ணாடியை இறக்கினாள். கம்ப்யூட்டர் திரையை ஞானமதியின் பக்கமாக நகர்த்தினாள். "நான் டீ சொல்லிட்டு வர்றேன். எதையும் பாக்காதீங்க."

வேணு உட்கார்ந்தான். கோப்பு திறந்தது. மேலே தலைப்பு வரி முழுசாக இருந்தது. கீழே போனான். வடிவம் மாற்றப்பட்டது. அந்த வரியின் தலையில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஞானம்.

"இது இன்னா மேடம், உங்க பேரு மாதிரி இருக்குது! நீங்க எப்ப ஹேச்சரிக்குப் போய் சுவிட்சைப்..." வேணு சிரித்துக்கொண்டே திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டான்.

போன மாசம், விழுப்புரத்தில், மழைக்கு ஒதுங்கிய டீக்கடையில், செந்தாமரை அவள் காதில் ரகசியமாகச் சொன்னாள்: புதுசா ஒண்ணு எழுதிக்கினு இருக்கேன். எவனும் பார்க்காததைப் பார்க்கும். அதான் உன் பேரை வெச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லாத, வெளிய வர்ற அன்னிக்கு சொல்லிக்கலாம். ஞானமதி அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரு பரிசு வாங்கியவளைப் போல நடந்தாள்.

இந்தப் பெயரைப் படித்துவிட்டு இது யாருடைய புரோகிராம் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான் உண்டு. ஜிதேந்திரனுக்கே தெரியாது. எஸ்.ஐ.க்கோ விருத்தாசலத்துக்கோ முழுத் தாளைக் காட்டியிருந்தாலும் ஒன்றும் புரிந்திருக்காது. ஆக, வரிகளின் தலையை வெட்டியது போலீஸுக்காக அல்ல. அந்த ஒருத்திக்காக. மேஜைமேல் அழுதது, ஞானம் என்று கூப்பிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை நீட்டியது எல்லாமே, இடதுபக்கத்தை எடுத்துவிட்டு அடியுங்கள் என்று இந்தக் கடையில் நின்று சொன்னதற்குப் பிறகுதான்.

"முழுசா ஒரு காப்பி அடிங்க வேணு" என்றாள்.

வேணு அடித்து, தாளை அவள் கையில் கொடுத்தான்.

*

மண்டி வாசலில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. மாடியில் எஸ்.ஐ. வேங்கடேசன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜிதேந்திரன் ஒரு துணிப்பையோடு தயாராக நின்றான். சுவரோரம் செந்தாமரை.

"ஞானம்! நீயே வந்துட்டியா?" செந்தாமரை ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

ஞானமதி கையை விடுவித்துக்கொண்டாள்.

"சார், நான் காலைல குடுத்த ரிப்போர்ட்டு தப்பு. அதை வச்சி இவரைக் கூட்டிக்கினு போகாதீங்க."

"என்னம்மா இது, வெளையாட்டா? உங்க கையெழுத்தைப் பாத்துத்தானே நான் கெளம்பி வந்தேன்?"

இரண்டு தாள்களையும் அவர்முன் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். தலை இல்லாதது, தலை உள்ளது. சுவிட்சைப் பற்றியும், முதல் சொல்லைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னாள். ஜிதேந்திரன் எட்டிப் பார்த்து, அந்தப் பெயரை வாய்க்குள் படித்துவிட்டு, குழப்பத்தோடு நிமிர்ந்தான்.

"ஞானம்னா எந்த புரோகிராம்? உன்னுதாய்யா?" என்றார் எஸ்.ஐ.

"இல்லீங்க சார். நான் இந்தப் பேரையே பாத்ததில்ல."

"நீ சொல்லும்மா."

செந்தாமரை தாளைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து ஞானமதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. கெஞ்சலுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை. இத்தனை வருஷப் பழக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிற நம்பிக்கை. அதைப் பார்த்தபோதுதான் ஞானமதிக்கு உண்மையாகவே வலித்தது.

"எனக்குத் தெரியாது சார்" என்றாள் செந்தாமரை. "அவரே ஏதாச்சும் பேரு வெச்சிருப்பாரு."

"அப்ப இது யாருதுன்னு யாருக்குத்தான் தெரியும்?" எஸ்.ஐ.க்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் ஞானமதி. "இவ எழுதினது. என் பேரைத்தான் வெச்சிருக்கா. போன மாசம் என்கிட்ட மட்டும் சொன்னா. அவகிட்ட இருக்கற பதிவு அட்டையை வாங்கிப் பாருங்க, இதே வரி இருக்கும்."

செந்தாமரை சுவரில் சாய்ந்தாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கோட்டக்குப்பத்தில் துபாயிலிருந்து வந்திருந்த ஒருவர். ஹேச்சரிகளில் பணம் போடுகிறவர். அவர் வீட்டில் உட்கார்ந்து புது புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. ஓடுகிற நிஜப் பெட்டி ஒன்றில் காட்டினால்தான் அவர் நம்புவார். அங்கிருந்தே லேப்டாப் வழியாக விருத்தாசலத்தின் பெட்டிக்குள் போய்ச் சுவிட்சைப் போட்டாள். துபாய்க்காரர் அசந்துபோனார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பேட்டரி தீர்ந்திருந்த அவள் லேப்டாப்பும் அணைந்தது.

"விடிஞ்சதும் பழையபடி மாத்திக்கலாம்னு படுத்துட்டேன். ஒரு ராத்திரிதானேன்னு நெனைச்சேன் சார்."

"எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா நான் அணைச்சிருப்பேனே மேடம்" என்றான் ஜிதேந்திரன். குரலில் கோபம்கூட இல்லை. "எதுக்குன்னுகூடக் கேட்டிருக்கமாட்டேன்."

செந்தாமரை அவனைப் பார்க்கவில்லை. ஞானமதியிடமே பேசினாள். "நெசத்தைச் சொன்னா என் புரோகிராமை எவன் வாங்குவான் சொல்லு? சொந்த புரோகிராமைத் தானே குருடாக்கினவள்னு ஆயிடும். இவருக்கு நாலு ஊருல பெட்டி இருக்கு. எப்படியாச்சும் சமாளிச்சிக்குவாருன்னு..."

"சரி. என்கிட்ட ஏன்டி வந்தே?" ஞானமதி மெதுவாகத்தான் கேட்டாள். "விழுப்புரத்துல ரிப்போர்ட் எழுத வேற ஆளே இல்லியா?"

செந்தாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற ஆளா இருந்தா தாளை இன்னொருவாட்டி பாத்திருப்பாங்க."

வேணு ஒரு நாற்காலியை இழுத்து ஞானமதிக்குப் பின்னால் வைத்தான். அவள் உட்கார்ந்தாள்.

எஸ்.ஐ. ஜிதேந்திரனின் துணிப்பையைக் காட்டி, "அதைக் கீழ வைய்யா. நீ எங்கயும் வர வேணாம்" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை ஞானமதியின் முன்னால் தள்ளினார். "காலைல குடுத்ததை ரத்துன்னு எழுதி, நடந்ததை முதல்ல இருந்து எழுதுங்கம்மா. தப்பை ஏன் முன்னாடி பாக்கலைன்னு உங்களையும் மேல கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்."

பேனாவைத் திறந்தாள். இன்று காலை நான் சமர்ப்பித்த அறிக்கை, எதிர்த்தரப்பை விசாரிக்காமல் எழுதப்பட்டது என்று ஆரம்பித்தாள். எழுத்து எப்போதும்போல வரிசையாகவே விழுந்தது. ஒரு பக்கம் முடிந்து மறு பக்கம் வந்தது. சம்பந்தப்பட்டவரின் விவரம் எழுத வேண்டிய இடம் வந்ததும் எஸ்.ஐ. செந்தாமரையின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உன் அப்பா பேரு, ஊரு, கதவு நம்பர் சொல்லு. எழுதிக்குவாங்க."

செந்தாமரை முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள்.

பேனா நிற்கவில்லை. செந்தாமரை, தகப்பனார் பெயர் முத்துசாமி, ஓமந்தூர், மேட்டுத் தெரு, பழைய எண் பதினொன்று. பொங்கலுக்குப் பொங்கல் போய்ப் படுத்துத் தூங்கிய வீடு. ஞானமதி யாரையும் கேட்காமல் எழுதிக்கொண்டே போனாள்.